ஒலிக்கு இடம் வகுத்த பிளம்லைன்

மாந்தர்க்குச் செவிகள் இரண்டு அமைந்திருத்தலை யாவரும் அறிவர். ஒன்று பழுதுற்றால் மற்றொன்றால் கேட்கலாம் என்பதே அதன் பயன் என்று பலர் எண்ணுவர். அஃது ஒரு பயனே. எனினும், அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. கண்களை மூடிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருப்பவன், தெருவிற் செல்லும் வண்டியின் மணியோசையைக் கேட்ட அளவிலேயே, அவ்வண்டி எப்பக்கத்தினின்று வருகின்றது, எப்பக்கம் செல்கின்றது என்று கூறிவிடுகின்றான். அவனுக்கு இதனை அறிவிப்பது யாது? இரு செவிகளும் ஒரே ஓசையைக் கேட்பினும் ஒரே வகையாகக் கேட்பதில்லை. வலப்பக்கத்தில் எழும் ஓசை வலச்செவியை முன்னரும் இடச்செவியைச் சற்றுப் பின்னரும் அடைகின்றது. ஒரு நொடியை ஆயிரம் கூறிட்டால், அவற்றுள் ஒரு கூற்றினும் குறைந்தது அக்கால வேறுபாடு. அன்றியும், தலை இடையே நின்று மறைப்பதால், அப்பாலுள்ள செவியை அடையும் ஓசையின் வலிமையும் சிறிது குறைகின்றது. இந்நுண்ணிய வேறுபாடுகளை மூளை அளந்தறிந்து, ஓசை எழுந்த இடத்தை உணர்த்துகின்றது. நாமோ அளப்பதாக உணர்வதே இல்லை.

எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலியைப் பதிந்து மீண்டும் எழுப்பும் கருவியைச் செய்தார். அதன்பின் இசைத்தட்டு வந்தது, வானொலி வந்தது, பேசும் படமும் வந்தது. ஆயினும், இவை அனைத்திலும் ஒரு குறை நீங்காதிருந்தது. எண்பது கலைஞர் விரிந்து அமர்ந்து எழுப்பிய இன்னிசையும் ஒரே துளையின் வழியாகவே வெளிவந்தது. இடப்பக்கத்து வயலினும் வலப்பக்கத்து முரசும் ஓரிடத்திலேயே நெருங்கி ஒலித்தன. ஒற்றைச் செவியன் ஒருவன் சுவரிலுள்ள துளையின் வழியே கேட்பது போன்ற நிலை அது. கிளெமென் ஆதே என்னும் பிரெஞ்சுப் பொறிஞர் 1881ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துக் கண்காட்சியில், இசையரங்கின் மேடையிலிருந்து இரண்டு தொலைபேசிக் கம்பிகளைக் கொணர்ந்து, செவிக்கு ஒன்றாகப் பொருத்திக் கேட்பித்தார். கேட்டவர் வியந்தனர். ஆனால், அது காட்சிப் பொருளாய் நின்றதேயன்றிப் பதிவுக் கலையை மாற்றவில்லை. பதிவு செய்தல் முதல் ஒலிபெருக்கியின் வழியே கேட்டல் ஈறாக, இரு செவிக்கும் உரிய முறையை முழுமையாக வகுத்தவர் ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலப் பொறிஞர் ஆவார்.

பிளம்லைன் 1903ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஹாம்ஸ்டெட் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் செருமனியில் பிறந்து இங்கிலாந்தின் குடியுரிமை பெற்றவர். அன்னையார் தென்னாப்பிரிக்காவில் பணிபுரிந்த ஸ்காத்லாந்துச் சமயத் தொண்டர் ஒருவரின் மகள். சிறுவராய் இருந்தபோதே அவர்தம் மனம் மின்சாரத்தில் ஈடுபட்டிருந்தது. ஏழு வயதில், வீட்டு வாயிலில் இருந்த மின்மணி பழுதுற்றதாக, அதனைச் செப்பனிட்டார். செப்பனிட்டதோடு அமையாமல், செய்த வேலைக்கு உரிய கூலியைக் குறித்து விலைப்பட்டியல் ஒன்று எழுதி, அதன் அடியில் மின்பொறிஞர் என்று தம் பெயரோடு பொறித்துத் தந்தையாரிடம் நீட்டினார்! தாம் பன்னிரண்டு வயது வரை படிக்கக் கல்லாதவர் என்றும், ஆயின் கணக்கில் இருபடிச் சமன்பாடுகளை மட்டும் மிகுதியாக அறிந்திருந்ததாகவும் பிற்காலத்தில் அவர் கூறியதுண்டு. விலைப்பட்டியல் எழுதிய சிறுவர் எழுத்தறியாதவராக இருந்திருத்தல் இயலாது. ஆதலின், இதனை விளையாட்டுரை என்று கொள்ளுதலே பொருந்தும். எனினும், சொற்களைவிட எண்களே அவருக்கு இனியனவாய் இருந்தன என்பது மெய்.

1914ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். பின்னர், ஹைகேட் பள்ளியிலும், அதனையடுத்து இலண்டனிலுள்ள சிட்டி அண்டு கில்ட்ஸ் பொறியியற் கல்லூரியிலும் உதவிச் சம்பளம் பெற்றுப் பயின்று, முதல் வகுப்பில் தேர்ந்தார்.

1924ஆம் ஆண்டில் அவர் தொலைபேசிக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் பணியில் அமர்ந்தார். அக்காலத்தில் நெடுந்தொலைவு செல்லும் தொலைபேசி வடங்களில் பெருந்தொல்லை ஒன்று இருந்தது. ஒரு வடத்திற்குள் பல இணைக்கம்பிகள் அருகருகே செல்லுதலால், ஓர் இணையிற் செல்லும் பேச்சு மற்றோர் இணையிலும் கசிந்து கேட்கும். ஒருவர் வீட்டுச் செய்தியை மற்றொருவர் கேட்க நேரும். கம்பிகளின் இடையிடையே பொருத்தப்பெறும் சுருள்கள் முற்றிலும் ஒத்திராமையே இக்கசிவுக்கு ஒரு காரணமாகும். அவற்றின் ஒப்பின்மையை மிக நுட்பமாக அளந்து காணவும், அதனைக் குறைக்கவும் பிளம்லைன் வழி கண்டார். அதன் பொருட்டு அவர் புனைந்த அளவைப் பாலம் என்னும் சுற்றமைப்பு, இரு பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றினிடையே உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்காட்டுவது. துலாக்கோலின் நா, இரு தட்டுகளின் எடையையும் கூறாது, அவற்றின் வேறுபாட்டை மட்டும் கூறுதல் போன்றது அது. ஒப்பிட்டு வேறுபாட்டைக் காணும் இம்முறை அவர்தம் பிற ஆக்கங்களிலும் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைப் பின்னர்க் காண்போம்.

1929ஆம் ஆண்டில் கொலம்பியா என்னும் இசைத்தட்டு நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே பொது மேலாளராய் விளங்கியவர், உருசிய நாட்டினின்று வந்த ஐசக் ஷோன்பர்க் என்பவர். ஒலியை மெழுகுத் தட்டில் வெட்டிப் பதியும் கருவியின் உரிமை அமெரிக்க நிறுவனம் ஒன்றன் கையில் இருந்தமையால், விற்கும் தட்டு ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்கு உரிமைப் பணம் செலுத்த வேண்டியிருந்தது. அவ்வுரிமையைத் தொடாமல், அதனினும் சிறந்த கருவி ஒன்றைச் செய்து தருக என்பதே பிளம்லைனுக்கு இடப்பட்ட பணி. காந்தத்தின் இடையே அசையும் கம்பிச்சுருளைக் கொண்டு புதிய வெட்டுக் கருவியை அவர் தம் துணைவர்களுடன் இரண்டாண்டிற்குள் செய்து முடித்தார். ஒலிவாங்கியையும் அதற்கேற்பப் புதிதாகப் படைத்தனர். 1931ஆம் ஆண்டில் கொலம்பியாவும் கிராமபோன் கம்பெனியும் இணைந்து இ.எம்.ஐ. என்னும் ஒரே நிறுவனமாயின. இலண்டனுக்கு மேற்கே ஹேய்ஸ் என்னும் ஊரில் அதன் ஆராய்ச்சிக் கூடம் அமைந்தது.

அவ்வாண்டிலேதான் அந்நிகழ்ச்சி நடந்தது. பிளம்லைன் ஒரு மாலையில், பின்னர்த் தம் மனைவியான டோரீன் என்னும் நங்கையுடன் பேசும் படம் காணச் சென்றிருந்தார். திரையில் நடிகர் ஒருவர் ஒரு கோடியினின்று மறுகோடிக்கு நடந்து செல்கின்றார்; குரலோ நின்ற இடத்தினின்று நகரவில்லை. ஒலிபெருக்கி இருந்த இடத்தினின்றே அனைவர் குரலும் வந்தன. படம் காண வந்த ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் கேட்டுப் பழகிய குறைதான் அது. பழகிய காரணத்தால் எவரும் அதனைக் குறையாகக் கருதவில்லை. பிளம்லைன் அருகிலிருந்த நங்கையிடம், குருடர் ஒருவர் இங்கு வந்தால் நடிகர் எங்கு நிற்கின்றார் என்பதை அறியவே மாட்டார் என்றும், குரல் நடிகரைப் பின்தொடர்ந்து செல்லுமாறு செய்தற்குத் தமக்கு ஒரு வழி தோன்றியுள்ளது என்றும் தெரிவித்தார்.

இரண்டு ஒலிவாங்கிகளை வைத்துப் பதிந்து, இரண்டு ஒலிபெருக்கிகளின் வழியே எழுப்பினால் போதாதோ என்று மாணவர் வினவலாம். போதாது. இங்குத்தான் பிளம்லைனின் நுண்ணறிவு விளங்குகின்றது. செவிக்கு ஒன்றாகக் குழல் பொருத்திக் கேட்பின், ஒவ்வொரு செவியும் தனக்குரிய ஒலியை மட்டும் கேட்கும். ஆனால், அறையில் வைத்த ஒலிபெருக்கிகள் அத்தகையன அல்ல. இடப்பக்கத்து ஒலிபெருக்கியின் ஓசையை இரு செவிகளும் கேட்கின்றன. வலப்பக்கத்ததனையும் இரு செவிகளும் கேட்கின்றன. நான்கு வழிகளால் வந்து ஓசைகள் கலக்கின்றன. ஒலிவாங்கிகள் அரிதின் முயன்று பதிந்த கால வேறுபாடு அக்கலப்பிலே குழம்பிப்போகின்றது.

பிளம்லைன் தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிட்டார். இரு ஒலிபெருக்கிகளிலும் ஒரே ஓசையை ஒரே நேரத்தில் எழுப்பி, அவற்றின் வலிமையை மட்டும் வேறுபடுத்தினால் என்ன நிகழும்? ஓர் ஒலிபெருக்கியின் ஓசை மற்றதனினும் மிகுந்திருக்க, இரண்டும் ஒவ்வொரு செவியிலும் வந்து கலக்கும்போது, தாழ்ந்த ஓசைகளுக்கு வேண்டிய அந்நுண்ணிய முற்பாடும் பிற்பாடும் செவிகளிடத்தே தாமாகவே தோன்றிவிடுகின்றன என்று அவர் கண்டார். இது வியத்தற்குரிய உண்மை. அனுப்புவது வலிமையின் வேறுபாடு. செவி பெறுவதோ காலத்தின் வேறுபாடு! தீங்கு என்று கருதப்பட்ட கலப்பே இங்கு நன்மையாயிற்று. ஒலிபெருக்கிகள் இரண்டே ஆயினும், அவற்றினிடையே எவ்விடத்திலும் ஓசையை நிறுத்தி வைக்கலாம். இரண்டும் சம வலிமையோடு ஒலித்தால் நடுவில், ஒலிபெருக்கியே இல்லாத வெற்றிடத்தில், பாடகர் நின்று பாடுவது போலத் தோன்றும்.

அவ்வாறாயின், வலிமையை மட்டும் வேறுபடுத்திப் பதியும் ஒலிவாங்கிகள் வேண்டும். தொலைவில் தொலைவில் வைத்தால் கால வேறுபாடு புகுந்துவிடும். ஆதலின், இரண்டு ஒலிவாங்கிகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஏறத்தாழ ஒரே புள்ளியில் நிறுத்தி, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் நோக்குமாறு செங்கோணத்தில் திருப்பி வைத்தார். தாம் நோக்கும் திசையின் ஓசையை மிகுதியாகவும், பக்கத்து ஓசையைக் குறைவாகவும் ஏற்கும் இயல்புடையன அவை. இவ்விணைக்குப் பிளம்லைன் இணை என்று பதிவுக்கலைஞர் இன்றும் பெயர் வழங்குகின்றனர்.

இனி, ஒரே இசைத்தட்டில் இரண்டு ஒலிவழிகளைப் பதிவது எவ்வாறு? தட்டிலே ஊசி செல்லும் சால் உண்டன்றோ? உழுபடைச் சால்போல அதற்கு இரு சரிவுகள் உண்டு. ஒரு சரிவில் இடவழியின் ஒலியையும் மறு சரிவில் வலவழியின் ஒலியையும் பதிந்தால், ஒரே ஊசி இரண்டையும் ஒருங்கே படித்துவிடும். சரிவு ஒவ்வொன்றும் தட்டின் பரப்புக்கு 45 பாகைச் சாய்வில் அமையும். ஓர் அசைவு மற்றோர் அசைவுக்குச் செங்கோணமாக இருத்தலால், ஒன்றன் ஒலி மற்றொன்றில் கசியாது. தொலைபேசி வடத்தில் கசிவை எதிர்த்துப் போராடிய இளைஞரின் உள்ளத்தில் இவ்வெண்ணம் உதித்தது இயல்பேயாகும்.

இவை அனைத்தையும், படச்சுருளில் இரு ஒலிவழிகளைப் பதியும் முறையையும் சேர்த்து, 1931ஆம் ஆண்டு திசம்பர் 14ஆம் நாள் ஒரே விண்ணப்பமாக எழுதிக் காப்புரிமை வேண்டினார். அவ்வொரு விண்ணப்பத்தில் 70 உரிமைக் கூற்றுகள் அடங்கியிருந்தன. 1933ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 394,325 என்னும் எண்ணுடன் அக்காப்புரிமை அளிக்கப்பெற்றது. இருசெவி முறை என்னும் பொருளில் பைனாரல் என்றே அவர் அதனைக் குறித்தார். திண்மை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாய்ப் பிறந்த ஸ்டீரியோ என்னும் பெயர் பின்னர் வழக்கில் வந்தது. தட்டையான ஒலிக்குத் திண்மை தந்தமையால் அப்பெயரும் தக்கதே.

அமெரிக்காவிலும் ஏறத்தாழ அதே காலத்தில் ஆர்வி பிளெச்சர் என்னும் அறிஞர் தலைமையில் பெல் ஆய்வுக்கூடத்தார் இப்பொருளை ஆராய்ந்தனர். 1933ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள், பிலடெல்பியா நகரில் நடந்த இசையரங்கை மூன்று ஒலிவழிகளில் கம்பியின் வாயிலாக வாசிங்டன் நகருக்குக் கொணர்ந்து, மூன்று பெரிய ஒலிபெருக்கிகளின் வழியே மக்களுக்குக் கேட்பித்தனர். வழிகளைப் பெருக்கிக் குறை தீர்க்க முயன்றது அவர்கள் முறை. இரண்டே வழிகளில் செவியின் இயல்பை அறிந்து குறை தீர்த்தது பிளம்லைன் முறை. இரண்டும் அறிவுடையார் செயலே. ஆயினும், இல்லந்தோறும் புகத்தக்கது பின்னதே என்பதைக் காலம் காட்டிற்று.

எண்ணத்தை எழுதியதோடு அவர் நின்றாரல்லர். ஆராய்ச்சிக் கூடத்தில் துணைவர்களை மேடைமேல் நடந்துகொண்டே பேசச்செய்து, அவர்தம் குரல் நகர்வதை மெழுகுத் தட்டுகளிற் பதிந்தார். 1934ஆம் ஆண்டு சனவரியில், இலண்டன் அபே ரோடு என்னும் தெருவிலுள்ள ஒலிப்பதிவு மாளிகையில், சர் தாமசு பீச்சம் இலண்டன் இசைக் குழுவை நடத்தி மோட்சார்ட்டின் ஜூபிட்டர் என்னும் இசையைப் பயிற்றுவிக்கையில், அதனை இருவழியிற் பதிந்தார். 1935ஆம் ஆண்டில் ஹேய்ஸ் புகைவண்டி நிலையத்தைத் தம் கட்டடத்தினின்று நோக்கிப் படம் பிடித்தனர். ஐந்து நிமிடப் படம்தான் அது. அதில் கதை இல்லை, நடிகர் இல்லை. புகைவண்டிகள் வருகின்றன, போகின்றன. ஆயினும், வண்டி திரையின் ஒரு பக்கத்தில் தோன்றி மறுபக்கம் செல்ல, அதன் ஓசையும் உடன் செல்கின்றது. கொட்டகையில் அவர் கண்ட குறை நான்காண்டுகளில் தீர்ந்தது.

தீர்ந்தும் பயன் விளையவில்லை. அக்காலம் உலகெங்கும் வாணிகம் நலிந்திருந்த காலம். இசைத்தட்டின் விற்பனை பெரிதும் வீழ்ந்திருந்தது. அரக்குத் தட்டுகளின் இரைச்சலோ நுண்ணிய வேறுபாடுகளை மறைக்கத்தக்கது. இரண்டு பெருக்கிகளையும் இரண்டு ஒலிபெருக்கிகளையும் விலைகொடுத்து வாங்க எவர் முன்வருவர்? நிறுவனத்தார் அவ்வாராய்ச்சியை நிறுத்திவைத்தனர். தம் மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஏட்டளவில் உறங்குவதைக் கண்டும் பிளம்லைன் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. இடப்பட்ட அடுத்த பணிக்கு எழுந்து சென்றார். அது தொலைக்காட்சி.

ஷோன்பர்க்கின் தலைமையில் இயங்கிய குழுவில் பிளம்லைன் உயிர்நாடி போன்றிருந்தார். படத்தை 405 கோடுகளாகப் பகுத்து அனுப்பும் முறையை அக்குழு உருவாக்கிற்று. ஸ்காத்லாந்துக்காரரான பெயர்டு என்பவர் 240 கோடுகளைக் கொண்ட வேறொரு முறையை நடத்தி வந்தார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இலண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையினின்று தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியபோது, இரு முறைகளையும் மாறி மாறிச் சோதித்தனர். சில திங்களில் பெயர்டின் முறை கைவிடப்பெற்றது. 1937ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய ஊர்வலத்தை, ஹைடு பூங்கா முனையினின்று பல கல் தொலைவு வடத்தின் வழியே அரண்மனைக்கு அனுப்பிக் காட்டினர். நகரின் நடுவே செல்லும் வடத்தில் வேண்டாத மின்னலைகள் வந்து புகுமன்றோ? அவை இணைக்கம்பிகள் இரண்டிலும் ஒரே அளவிற் புகும். படத்தின் அலையோ இரண்டிலும் எதிரெதிராகச் செல்லும். இரண்டிற்கும் பொதுவானதைத் தள்ளி, வேறுபட்டதை மட்டும் பெருக்கும் சுற்றமைப்பு ஒன்றைப் பிளம்லைன் வகுத்திருந்தார். இரண்டு வெற்றிடக் குழாய்கள் நீண்ட வால்போன்ற ஒரு தடையைப் பகிர்ந்துகொள்வதால், நீள்வால் இணை என்பது அதன் பெயர். மீண்டும் அதே துலாக்கோல்! இன்று ஒலிக்கருவிகளிலும் அளவைக் கருவிகளிலும் உள்ள நுண்சில்லுகளை நோக்கின், அவற்றின் வாயிலில் அவ்விணையின் வழித்தோன்றலைக் காணலாம்.

1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டது, தொலைக்காட்சி நின்றது. பிளம்லைன் ராடார் ஆராய்ச்சியில் ஈடுபடுத்தப்பெற்றார். இருளிலும் முகிலிலும் பறக்கும் வானூர்தியினின்று, கீழேயுள்ள ஊரும் ஆறும் கடற்கரையும் திரையில் தோன்றுமாறு காட்டும் எச்-2-எஸ் என்னும் கருவியைச் செய்வது அப்பணி. வானூர்தி ஓட்டுதலில் அவர்க்கு முன்னரே பழக்கமும் விருப்பமும் உண்டு. ஆதலின், கருவியைப் பிறர் சோதிக்கத் தாம் தரையில் இருத்தலை அவர் மனம் ஒப்பவில்லை போலும்.

1942ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. டெபோர்டு வானூர்தி நிலையத்தினின்று ஹாலிபாக்ஸ் வகை வானூர்தி ஒன்று அக்கருவியைத் தாங்கி எழுந்தது. பிளம்லைனும், அவர்தம் உடனுழைப்பாளரான செசில் பிரௌன், பிராங்க் பிளைத்தன் என்போரும் அதில் இருந்தனர். பிற்பகலில் வலப்பக்கத்து எஞ்சின் ஒன்று தீப்பற்றியது. தீ அணையவில்லை, இறக்கை எரிந்தது. வை என்னும் ஆற்றின் கரையில், வெல்ஷ் பிக்னார் என்னும் சிற்றூரின் அருகே வானூர்தி வீழ்ந்து நொறுங்கியது. அதில் இருந்த பதினொருவரும் மாண்டனர். எஞ்சினைப் பழுது பார்த்தபோது வால்வு ஒன்றின் மரை செவ்வனே முடுக்கப்படாது விடப்பட்டதே தீக்குக் காரணம் என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். நுண்ணளவுகளிலேயே வாழ்ந்த அவ்வறிஞரின் உயிரை ஒரு சிறு மரை கொண்டுசென்றது. அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. மனைவியும் இரு சிறுவரும் இல்லத்தில் இருந்தனர்.

இத்தகைய அறிஞர்கள் மறைந்தனர் என்பதைப் பகைவர் அறியின் ஊக்கம் கொள்வர் என்று அரசினர் அஞ்சினர். ஆதலின், நேர்ந்தது யாது என்பது வெளியிடப்படவில்லை. எஞ்சியோர் அயராது உழைத்து அக்கருவியை முடித்தனர். 1943ஆம் ஆண்டு சனவரி இறுதியில் அது போரில் முதன்முதலாகப் பயன்பட்டது. போர் முடிந்த பின்னரும் பிளம்லைன் பெயர் வெளிச்சத்திற்கு வரவில்லை. பதினெட்டு ஆண்டுப் பணியில் 128 காப்புரிமைகளைப் பெற்ற ஒருவரின் வரலாறு நூலாக வெளிவந்தது 1999ஆம் ஆண்டிலேதான்! மறதிக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

அதற்கிடையே அவர்தம் எண்ணம் உறக்கம் நீங்கியது. அரக்கிற்கு மாற்றாக இரைச்சல் குறைந்த வினைல் தட்டுகள் வந்தன. 1957, 1958ஆம் ஆண்டுகளில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் அங்காடிகளை நிறைத்தன. சாலின் இரு சரிவுகளும் 45 பாகைச் சாய்வில் இருந்தன. பிளம்லைன் எழுதிவைத்து அப்போது இருபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. வாங்கியோர் எவரும் அவர் பெயரை அறிந்திலர். 1977ஆம் ஆண்டில் இலண்டன் ஈலிங் பகுதியில் அவர் வாழ்ந்த இல்லத்தில் நினைவுக்கல் பதித்தனர். வானூர்தி வீழ்ந்த இடத்திற்கு அண்மையிலுள்ள குட்ரிச் கோட்டையின் வழிபாட்டறையில், மாண்ட பதினொருவர் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று 1992ஆம் ஆண்டில் அமைந்தது. 2017ஆம் ஆண்டில் அமெரிக்க ஒலிப்பதிவுக் கழகத்தார் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருதினை அவர் பெயருக்கு வழங்கினர்.

இக்காலத்தில் கணிப்பொறியைக் கொண்டு தம் இல்லத்திலேயே பியானோ அமைத்துக்கொள்ளும் ஆர்வலர் உளர். விசைப்பலகை ஒன்று, கணிப்பொறி ஒன்று, அதனுள்ளே மெய்யான பியானோவின் ஒவ்வொரு சுரமும் பல ஒலிவாங்கிகளால் பதியப்பெற்று அடங்கியிருக்கும். இவற்றை ஒரே ஒலிபெருக்கியில் இணைத்தால், எண்பத்தெட்டு விசைகளின் ஓசையும் ஒரு பெட்டிக்குள்ளிருந்து வரும். வாசிப்பவருக்குப் பியானோவின் முன் அமர்ந்திருக்கும் உணர்வு தோன்றாது. ஆதலின், நான்கோ ஆறோ ஒலிவழிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஒலிபெருக்கிக்கு அனுப்பி, சிலவற்றை விசைப்பலகையின் அருகிலும் சிலவற்றை அறையின் பின்புறத்தும் வைக்கின்றனர். ஒலி ஒரு மீட்டர் செல்ல ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று பங்கு நொடியாகும். ஆகவே, அருகிலுள்ள ஒலிபெருக்கியைச் சிறிது தாமதித்து ஒலிக்கச் செய்து, யாவும் ஒருங்கே செவியை அடையுமாறு திருத்துகின்றனர். பின்னர் ஒவ்வொரு வழியின் வலிமையையும் கூட்டியும் குறைத்தும் பார்க்கின்றனர். ஒரு பக்கம் சற்று மிகுந்தால் சுரம் அப்பக்கம் சாய்கின்றது. குறைத்தால் நடுவுக்கு மீள்கின்றது. பொறுமையோடு திருத்தி முடித்துக் கண்களை மூடி வாசித்தால், மந்த சுரங்கள் இடக்கைப் பக்கத்தினின்றும் உச்ச சுரங்கள் வலக்கைப் பக்கத்தினின்றும் எழுகின்றன. இடைப்பட்ட சுரங்களோ ஒலிபெருக்கி ஏதும் இல்லாத வெற்றிடத்தினின்று, கம்பியே அங்கு அதிர்வது போலக் கேட்கின்றன.